அறை இருந்தால் இருக்கிறது என்றே சொல்லுங்கள்: உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரருக்கு

திருகோணமலையில் உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் மூன்று தொடக்கம் பத்து அறை வைத்து விடுதி நடத்துகிறவர்களுக்கும், அங்கே வரவேற்பு மேசையில் நிற்கும் பிள்ளைகளுக்கும், ஆபிரிக்க விருந்தினரைப் பாகுபாடில்லாமல் நடத்துவது பற்றி இது எழுதப்படுகிறது. பெரிய ஹோட்டல்களில் இதற்கெல்லாம் பயிற்சி கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். சின்ன விடுதியில் முதலாளி சந்தைக்குப் போயிருக்கும் நேரத்தில், வாசலில் நிற்கிற பொடியன் எடுக்கிற முடிவுதான் விடுதியின் முடிவு.

ஆபிரிக்க விருந்தினர் என்றால் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல. நைரோபியிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பம், கட்டாரில் வேலை செய்துவிட்டு ஊர் போகும் வழியில் கடல் பார்க்க வரும் கென்யர், கொழும்பில் தொண்டு நிறுவனத்திலோ தூதரகத்திலோ வேலை செய்பவர், கப்பலிலிருந்து இறங்கும் மாலுமி, லண்டனில் பிறந்து பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வரும் நைஜீரிய வழிப் பெண் என்று பலர். புத்தளம் சிறாம்பியடியிலிருந்து தேசிய அடையாள அட்டையோடு வரும் இலங்கையரும் இவர்களோடு சேர்த்தி. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்தவர்கள் அவர்கள். சிறாம்பியடிக்காரரிடம் போய் "பாஸ்போட் பிளீஸ்" என்று கேட்பது எவ்வளவு அபத்தம் என்று யோசித்துப் பாருங்கள். அது நடக்கத்தான் செய்கிறது.

இங்கே யாரும் முகத்துக்கு நேரே "நீ கறுப்பன், உனக்கு அறை இல்லை" என்று சொல்வதில்லை. அறை நிறைந்துவிட்டது என்பார்கள், முற்பணம் கேட்பார்கள், பின்பக்கத்து அறையைக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்டு இருக்கும். அதனால்தான் ஊழியரின் நல்ல மனத்தை நம்புவதைவிட, எழுதி ஒட்டிய விதியை நம்புவது நல்லது. மனம் ஆளுக்கு ஆள் மாறும், மேசைக்கு மேல் ஒட்டிய தாள் மாறாது.

வாசலில்

நடப்பது பெரும்பாலும் இப்படி. இரண்டு பேர் ஓட்டோவில் வந்து இறங்குகிறார்கள். பொடியன் முதலாளிக்கு அழைப்பெடுக்கிறான்: "அண்ணை, ரெண்டு கறுவல் வந்திருக்கினம், குடுக்கட்டோ?" மறுமுனையில் ஒரு கணம் யோசனை, பிறகு "ஃபுல் எண்டு சொல்லு". அரை மணி நேரத்தில் ஜேர்மன்காரர் ஒருவருக்கு அதே அறை போகிறது. முதல் வந்தவர்கள் எதிர்த்த கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தத் தெருவில் எல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

இதை மாற்றக் கையாள வேண்டிய முறை எளிது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை மாட்டுங்கள். அறை இலக்கம், எந்தத் திகதி வரை ஆள் இருக்கிறது, எது காலி என்று தினமும் காலை பத்து மணிக்கு எழுத வேண்டும். பலகையில் காலி என்றிருந்தால், பொடியன் யாரிடமும் கேட்காமல் கொடுக்கலாம். அழைப்பெடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயம் மட்டும் சொல்ல அனுமதி: எத்தனை பேர், எத்தனை இரவு. எப்படிப்பட்ட ஆள் என்று முதலாளியும் கேட்கக் கூடாது. கேட்க முடியாமல் செய்வதுதான் இந்த ஏற்பாட்டின் முழு நோக்கமும்.

அறை மறுக்க நியாயமான காரணங்கள் நாலே நாலு: அறை உண்மையாகவே இல்லை, அடையாள ஆவணம் இல்லை, ஆள் குடிவெறியில் நிற்கிறார், அறைக்கு அளவான எண்ணிக்கையைவிடக் கூடுதலான ஆட்கள். இவற்றை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். "சரியில்லாத மாதிரிக் கிடக்கு" என்பது ஐந்தாவது காரணமாக நுழையப் பார்க்கும். விடாதீர்கள். மற்ற எல்லாப் பாகுபாடும் அந்தக் கதவால்தான் உள்ளே வருகிறது.

இணையப் பதிவிலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஐந்து நகரங்களில், வீடும் அறையும் வாடகைக்கு விடும் ஏயார்பிஎன்பி இணையத்தளத்தில் சுமார் 6,400 வீட்டுக்காரருக்கு, பெயரை மட்டும் மாற்றி ஒரே மாதிரிக் கோரிக்கை அனுப்பிப் பார்த்த ஹார்வர்ட் ஆய்வொன்று 2017இல் வெளியானது. கறுப்பினத்தவருக்குரியதாகத் தெரியும் பெயர்களுக்குச் சம்மதம் கிடைப்பது 16 வீதம் குறைவாக இருந்தது. அதன் பிறகு, பதிவை ஏற்கும் வரை விருந்தினரின் படத்தை வீட்டுக்காரருக்குக் காட்டுவதில்லை என்று அந்த நிறுவனம் 2018இல் அறிவித்தது. நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் சம்மதத்துக்குக் காத்திராமல் அறை பதிவாகும் உடனடிப் பதிவு வசதியைத் திறந்து விடுவது. அப்போது பெயரைப் பார்த்துத் தயங்க இடமே இராது. ஜூலை, ஓகஸ்ட் சீசனில் இதற்குப் பயப்படத் தேவையில்லை. மழைக் காலத்தில் வருகிற ஆளை விடவும் கூடாது.

அறை கொடுப்பதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அறை கிடைக்கும், ஆனால் குசினிக்குப் பக்கத்து அறை, அல்லது ஜெனரேட்டர் நிற்கிற பக்கம். காலியாக இருப்பவற்றில் இரண்டைக் காட்டி விருந்தினரையே தெரிவுசெய்ய விடுங்கள், எல்லோருக்கும். மாத முடிவில் பதிவேட்டைப் புரட்டி, அந்தக் கடைசி அறையில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். பதில் உங்களையே திடுக்கிட வைக்கலாம்.

முற்பணமும் அப்படித்தான். ஒரு இரவுக் காசு முன்கூட்டி வேண்டும் என்றால் எல்லோரிடமும் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒருவரிடமும் வேண்டாம். 5,000 ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதானால் எல்லோருடைய தாளையும் பாருங்கள். நிறம் பார்த்து நோட்டுப் பார்க்கும் பழக்கம் விருந்தினருக்கு உடனே விளங்கும். நைரோபியிலும் அக்ராவிலும் காசு எண்ணிப் பழகியவர்கள் அவர்கள்.

பதிவேடும் கடவுச்சீட்டும்

வெளிநாட்டவரின் விபரம் எழுதி வைக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. தவறு நடப்பது எழுதும் விதத்தில்.

எத்தியோப்பியா, எரித்திரியா நாட்டவரின் பெயர் எங்கள் பெயர் மாதிரியேதான் அமைந்திருக்கும். குடும்பப் பெயர் கிடையாது. சொலமன் தெஸ்ஃபாயே என்றிருந்தால் சொலமன் அவர், தெஸ்ஃபாயே அவருடைய தகப்பன். கலியாணம் செய்த பெண்ணும் தன் தகப்பனின் பெயரைத்தான் வைத்திருப்பார். பிள்ளைகளுக்கு இரண்டாவது பெயராகச் சொலமன் வரும். ஆக நாலு பேர் கொண்ட ஒரு குடும்பத்தில், கடவுச்சீட்டுகளை அடுக்கினால் மூன்று விதமான பின்பெயர் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு "கலியாணம் செய்தனீங்களோ, சேர்டிபிக்கட் இருக்கோ" என்று கேட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாயை வாசலில் மறிப்பது பெரிய அவமானம். சோமாலியரின் பெயரில் தன் பெயர், தகப்பன் பெயர், தகப்பனின் தகப்பன் பெயர் என்று மூன்று வரும். கானா நாட்டவரில் கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண், அகோசுவா என்றால் ஞாயிறு பிறந்த பெண். ஆகவே ஒரே பேருந்தில் வந்த இரண்டு கோஃபிகள் ஏதோ ஏமாற்று வேலை செய்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

அழைப்பதற்கு, கடவுச்சீட்டில் எது தன் பெயர் என்று கேட்டு, கேட்ட மாதிரித் தமிழ் எழுத்தில் பக்கத்தில் குறித்து வையுங்கள். இரவு வேலைக்கு வருகிறவனும் சரியாகச் சொல்வான்.

போட்டோக்கொப்பி விஷயம் சின்னது, ஆனால் பின்னால் பெரிய இடைஞ்சல் தரும். கறுத்த முகத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்தால் கண்ணும் மூக்கும் தெரியாமல் ஒரு மைக்கறை மாதிரி வரும். பிறகு யாராவது அந்தப் பிரதியைப் பார்த்து "இது ஆரெண்டே தெரியேல்லையே" என்று கேட்டு, விருந்தினரை நித்திரையால் எழுப்ப வேண்டி வரும். இயந்திரத்தில் வெளிச்சத்தை இரண்டு படி கூட்டுங்கள், அல்லது யன்னல் வெளிச்சத்தில் கைபேசியால் நிறப்படம் எடுத்து அச்சிடுங்கள். பிளாஷ் போட்டால் தாளின் பளபளப்பு முகத்தை அழித்துவிடும். கடவுச்சீட்டுப் படத்தையும் ஆளையும் ஒப்பிடும்போது தலைமுடியைப் பார்க்காதீர்கள். பின்னல், விக், மொட்டை என்று மாதத்துக்கு மாதம் மாறும். புருவம், காது, நாடி இவைதான் மாறாதவை. தலைக்கட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

சந்தேகம் என்றால் மேசைக்குப் பின்னால் போய் ஒருவரோடொருவர் குசுகுசுக்காமல், நேரே கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் குசுகுசுப்பு எந்த மொழியிலும் விளங்கும்.

விலை

உள்ளூர் விலை, வெளிநாட்டு விலை என்று இரண்டு பலகை வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: ஆளைப் பிரிப்பது முகத்தாலா, தாளாலா? தாளால் என்றால் கணக்குச் சுத்தம். தேசிய அடையாள அட்டை உள்ளவருக்கு உள்ளூர் விலை, வதிவிட விசா உள்ளவருக்கு நீங்கள் முடிவுசெய்த விலை, மற்ற வெளிநாட்டவர் எல்லோருக்கும் ஒரே விலை. பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வந்த வெள்ளைக்காரருக்கும் கறுப்பருக்கும் வெவ்வேறு தொகை சொன்னால், இரண்டு பேரும் இரவு உணவுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

புறாத்தீவுக்குப் போகிறவர்களிடம், அரசாங்க அனுமதிச்சீட்டு வெளிநாட்டவர் எல்லோருக்கும் கூடுதல் என்று படகில் ஏற முதலே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கவுண்டரில் போய்த் தெரிந்தால், தன் நிறத்துக்குத்தான் இந்த விலை என்று ஒருவர் நினைப்பதில் பிழையில்லை. நாள் முழுக்க மற்ற இடங்களில் அதுதானே நடந்திருக்கும். ஓட்டோவுக்கும் நகரம், உப்புவெளி, நிலாவெளி, கன்னியா என்று நாலு ஓட்டத்துக்கான தொகையை எழுதி மேசையில் ஒட்டுங்கள். உங்கள் விடுதியோடு சேர்ந்து ஓடும் அண்ணன்மார் அந்தத் தொகைக்கு இணங்க வேண்டும். ஏற்ற மாட்டேன் என்கிற ஓட்டோவை அடுத்த தடவை நீங்களும் கூப்பிடாதீர்கள்.

ஊழியருக்குச் சொல்ல வேண்டியவை

ஆபிரிக்கரைக் கூப்பிடக் காப்பிலி, கறுவல் என்ற இரண்டு சொல்லும் வேண்டாம், அவர்களுக்கு விளங்காது என்று நினைத்தும் வேண்டாம். வீட்டில் தம்பியைக் கறுவல் என்று செல்லமாகக் கூப்பிடுவது வேறு. "ஆபிரிக்கா" என்று கத்திக் கூப்பிடுவதும் வேண்டாம். ஐக்கிய நாடுகள் சபையில் இருக்கும் ஆபிரிக்க நாடுகள் மட்டும் 54. எந்த நாடு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் அது முதல் கேள்வியாக இருக்கத் தேவையில்லை. முதல் கேள்வி, தண்ணி வேணுமோ என்பதாக இருக்கட்டும்.

தலைமுடியைத் தொடக் கூடாது, கேட்டுவிட்டும் தொடக் கூடாது. கூட நின்று செல்பி எடுப்பது பற்றி: மற்ற விருந்தினரிடம் அப்படிக் கேட்பீர்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்க வேண்டாம். கடற்கரையில் சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடிப் பார்ப்பார்கள். பிள்ளைகளை அதட்டாமல், நீங்களே போய் விருந்தினரின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துவையுங்கள். வேடிக்கை அதோடு முடிந்துவிடும்.

தனியாக வரும் ஆபிரிக்கப் பெண்ணைத் தொழில் செய்பவள் என்று நினைத்து, கடற்கரைப் பொடியன்களும் சில ஓட்டோக்காரரும் விலை கேட்பது இங்கே நடக்கிற மிகக் கேவலமான காரியம். இதை மூடி மறைத்துப் பயனில்லை. இரவில் விருந்தினரின் அறை இலக்கத்தையோ பெயரையோ வெளியாளிடம் சொன்ன ஊழியருக்கு அன்றோடு வேலை இல்லை என்பது எழுதிய விதியாக இருக்கட்டும். வாசலில் வந்து விசாரிக்கிறவனிடம் "அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்பதே பதில். ஆண்களுக்கு வேறு தொல்லை. அவர்களிடம் போதைப்பொருள் இருக்கும் என்று நினைத்து வந்து கேட்பார்கள், அல்லது விற்கப் பார்ப்பார்கள். உங்கள் தோட்டக்காரனே அதைக் கேட்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மசாஜும் பேஷியலும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: வெள்ளையாக்கும் கிரீமை அவர்கள் முன்னால் எடுத்து வைக்காதீர்கள். உதவி செய்கிறோம் என்ற நினைப்பில்தான் அதைக் கொடுப்பார்கள். தலையணை உறையில் முடியெண்ணெய்க் கறை பட்டதற்குத் தனிக் கட்டணம் போட நினைத்தால், தேங்காயெண்ணெய் வைத்துப் படுக்கும் எங்கள் ஆட்களுக்கும் அதே கட்டணத்தைப் போடுங்கள் பார்ப்போம்.

பிழை நடந்துவிட்டால் மன்னிப்புச் சுருக்கமாக இருக்கட்டும்: எது பிழை, இனி என்ன செய்வோம், அவ்வளவுதான். "நாங்களும் கறுப்புத்தானே" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதைக் கேட்கிறவர் நாலு பேர் இதற்கு முன்னமே சொல்லிக் கேட்டிருப்பார். அதற்குப் பிறகு அவர் தன் குறையைச் சொல்வதை விட்டு உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

மற்ற விருந்தினர் முறைப்பட்டால்

சத்தத்தைப் பற்றி முறைப்பட்டால் சத்தத்தைப் போய்ப் பாருங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு பாட்டு என்றால் யாராக இருந்தாலும் நிறுத்தச் சொல்லலாம். ஆனால் "அவர்கள் பக்கத்து அறையிலா?" என்றோ, "நீச்சல் தடாகத்தில் அவர்கள் நிற்கும்போது பிள்ளைகளை இறக்க ஏலாது" என்றோ வரும் முறைப்பாடு வேறு வகை. அப்போது சொல்ல வேண்டியது இது: "உங்களுக்கு வேண்டுமென்றால் வேறு அறை தாறன். அவையளை மாத்த மாட்டன்." மாற்றுவதானால் முறைப்பட்டவரை மாற்றுங்கள், வேறு அறை இல்லையென்றால் அவருடைய மிச்சக் காசைக் கொடுத்து அனுப்புங்கள். ஒரு இரவுக் காசு போகும், போகட்டும்.

வதந்தியை வட்ஸ்அப் குழுவில் வளரவிடாதீர்கள். 2017 மார்ச்சில் இந்தியாவின் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பையன் இறந்ததை ஒட்டி நைஜீரிய மாணவர்கள் மீது கிளம்பிய பொய்க்கதைதான், சம்பந்தமே இல்லாத ஆபிரிக்கர்களைக் கூட்டம் கூடி அடிப்பதில் போய் முடிந்தது. 2020 ஏப்ரலில் சீனாவின் குவாங்ஷௌ நகரில், கொரோனாவைக் காரணம் காட்டி ஆபிரிக்கர்களை வாடகை வீடுகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் தெருவுக்கு அனுப்பினார்கள். லொட்ஜிலிருந்து வெளியேற்றப்படுவது என்ன என்று எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரைப் பொலிஸார் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

காய்ச்சல்

ஆபிரிக்கர் என்றவுடன் நோய் பற்றிப் பயப்படுகிறவர்கள் உண்டு. கணக்கில் எடுக்க வேண்டியது பயணம்தான், தோல் அல்ல. இலங்கையில் உள்ளூரிலேயே பரவிவந்த மலேரியா 2012ஓடு நின்றது, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அதனால் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு காய்ச்சலும் முக்கியம். மலேரியா உள்ள நாட்டிலிருந்து அண்மையில் வந்த ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், அன்றே திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தவர் என்று சொல்லுங்கள். அரச சேவையில் இரத்தப் பரிசோதனைக்குக் காசு கட்டத் தேவையில்லை. மடகஸ்காருக்கு மாணிக்கம் வாங்கப் போய் வந்த பேருவளைக்காரருக்கும், தென் சூடானில் அமைதிப்படையில் இருந்து வந்த இராணுவச் சிப்பாய்க்கும் இதே விதிதான். ஆனால் லண்டனில் பிறந்து லண்டனிலிருந்து வந்த கறுப்பினப் பெண்ணுக்குத் தடிமன் பிடித்தால், அது தடிமன்தான்.

முறைப்பாடு செய்ய விருந்தினருக்கு உதவுவது

வெளியில் ஏதாவது நடந்துவிட்டு உங்களிடம் வந்து சொன்னால், "இங்க அப்பிடித்தான்" என்று தட்டிவிடாதீர்கள். முதலில் நேரம், இடம், வாகன இலக்கம், பார்த்தவர்கள் யார் என்று அன்றே எழுதி வாங்குங்கள். இரண்டு நாள் போனால் வாகன இலக்கம் மறந்துவிடும்.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தை எல்லா ஆட்களுக்கும் கொடுக்கிறது, பிரசைகளுக்கு மட்டும் அல்ல. அதன் மூன்றாம் உட்பிரிவு கடை, பொது உணவகம், ஹோட்டல், களியாட்ட இடம், தன் மதத்துக்குரிய பொது வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குப் போவதில் இனத்தின் பேரால் எவருக்கும் தடை போடக் கூடாது என்கிறது. கடையோ விடுதியோ மறுத்தால் சுற்றுலாத் துறையின் 1912 இலக்கத்தில் சொல்லலாம். அடிதடி, மிரட்டல் என்றால் பொலிஸின் 119. பொலிஸ், அலுவலகம், வைத்தியசாலை என்று அரச தரப்பில் நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகம், அல்லது அதன் 1996 தொலைபேசி இலக்கம். அரச செயலுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போக ஒரே ஒரு மாதம்தான் கிடைக்கும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறைப்பட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை நடப்பதாக ஆணைக்குழுவிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். கப்பல் மாலுமி என்றால் கப்பல் புறப்பட முதல் இவ்வளவும் முடிய வேண்டும், ஆகவே அதே நாளில் கூட்டிப்போங்கள்.

பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது ஆங்கிலமும் சிங்களமும் தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், அதை வரிவரியாக வாசிக்கச் சொல்லி, விருந்தினருக்கு மொழிபெயர்த்து, விட்டுப்போனதைச் சேர்க்கச் செய்த பிறகுதான் கையெழுத்து. முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதிய உத்தியோகத்தரின் பதவியையும் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.